முப்பத்தாறு நிறத்துக்குப் பதினொரு வரி

செங்கல்,
இடவம் 19, செவ்வாய்

காஞ்சிரங்குளத்தில் சொந்த வீட்டில் தாமசிப்பவரும், தென்னையும் வாழையும் பார்த்து வருபவரும், அனுமோளின் தகப்பனாரும், வரும் மிதுன மாதம் முதல் என் மகன் ரெஜித்துக்கு மாமனார் முறை ஆகவிருந்தவருமான திரு. சுதர்சனன் அவர்களுக்கு,

செங்கலில் பெயின்ட் கடையை முன்னறையாகக் கொண்ட வீட்டில் தாமசிப்பவனும், நெய்யாற்றின்கரையில் முப்பத்தெட்டு வருடம் பிறருடைய நிலத்துக்கு ஆதாரப் பத்திரம் எழுதி ஓய்ந்தவனுமான சத்தியதாஸ் வணக்கத்தோடு எழுதிக்கொள்வது. இங்கே நானும் மனைவி சௌதாமினியும் நலம். ரெஜித் உடம்பளவில் நலம். அங்கே நீங்களும் வீட்டம்மாவும் நலமென்று நம்புகிறேன். இந்த மழைக்கு உங்கள் வாழையில் ஒன்றுகூடச் சாயாமல் இருக்கட்டும். இதுவரை எழுதியது மரியாதைக்கு. இனிமேல் எழுதுவது காரியத்துக்கு.

ஃபோனில் சொல்லாமல் கடிதம் எழுதுவானேன் என்று கேட்பீர்கள். ஃபோனில் உங்கள் குரலைக் கேட்டால் என் கோபம் போய்விடும், நீங்கள் அப்படிப்பட்ட மனிதர். மலையாளத்தில் எழுதாமல் தமிழில் எழுதுவானேன் என்றும் கேட்பீர்கள். மலையாளத்தில் நான் ஊரார் காரியத்தைத்தான் எழுதியிருக்கிறேன். எனக்கென்று கோபம் வந்தால் தமிழ்தான் வருகிறது.

காரியம் இதுதான். போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் ஒன்பது பேர் எங்கள் வீடு காண வந்தீர்கள். மாப்பிள்ளை வீட்டைப் பெண்ணின் ஆட்கள் வந்து பார்த்துப் போவது நம் பக்கத்து முறை. பெண் மட்டும் வரக் கூடாது என்பதும் முறை. தாலி ஏறிய பிறகுதான் அவள் இந்தப் படி ஏற வேண்டும். அந்த முறைப்படி உங்கள் மகள் அனுமோள் வரவில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வராமலேயே அவள் என் வீட்டுக்குள் புகுந்து, நான் இரண்டரை மாதம் உட்கார்ந்து எழுதிய ஆயிரத்து நானூற்று நாற்பது வரியைப் பதினொரு வரியாக்கிவிட்டுப் போனாள். அதுவும் உங்கள் கையிலிருந்த டீ ஆறுவதற்குள். இதை மனதில் வைத்துக்கொண்டு நான் எப்படி நிச்சயத்துக்குப் பந்தல் போடச் சொல்வேன்?

நடந்ததை முறையாகச் சொல்கிறேன், ஏனென்றால் அன்றைக்கு நடந்த கலவரத்தில் உங்களுக்குப் பாதிதான் புரிந்திருக்கும். நான் தொழிலை விட்டபின் வீட்டில் சும்மா இருந்தேன். சும்மா இருக்கிற மனிதனைப் பார்த்தால் சௌதாமினிக்கு உடனே ஒரு வேலை ஞாபகம் வரும், தேங்காய் உரி, டாங்கில் தண்ணி பார், பூனையைத் துரத்து என்று. இதிலிருந்து தப்பிக்க ஒரு வழி தேடிக்கொண்டிருந்தபோதுதான், ரெஜித் தன் பெயின்ட் கடைக்கு இன்டர்நெட்டில் ஒரு பக்கம் வேண்டும் என்று யாரிடமோ கேட்டுக்கொண்டிருந்தான். யாரிடமும் கேட்க வேண்டாம், எழுத்து வேலைக்கு வீட்டில் ஆள் உண்டு என்று நான் சொன்னேன். அவன் சிரித்தான். அந்தச் சிரிப்புக்காகவே யூடியூப் பார்த்துப் பார்த்துக் கற்றேன். பக்கத்தின் மேலே ஒரு வீட்டின் படம். கீழே முப்பத்தாறு சின்னச் சதுரங்கள், ஒவ்வொன்றும் ஒரு நிறம். ஒரு சதுரத்தைத் தொட்டால் படத்திலுள்ள வீட்டுச் சுவர் அந்த நிறமாகும், அந்த நிறத்தின் எண் மேலே வரும், தொட்ட சதுரத்தைச் சுற்றி ஒரு வளையம் விழும். ஆட்கள் வீட்டிலிருந்தே தொட்டுப் பார்த்து, கடைக்கு அந்த எண்ணைச் சொன்னால் போதும். நல்ல ஏற்பாடு இல்லையா?

கம்ப்யூட்டருக்கு எழுதியதும் என் தொழில்முறைப்படிதான். ஆதாரம் எழுதுகிறவனுக்குச் சுருக்கம் என்பது விஷம். ஒரே ஆள் மூன்று துண்டு நிலம் விற்றாலும், மூன்று இடத்திலும் அவன் பெயர், அவன் அப்பன் பெயர், வீட்டுப் பெயர், நான்கு எல்லை எல்லாம் முழுதாக வரும். 'மேலே சொன்னபடி' என்று எழுதிச் சோம்பேறித்தனம் காட்டினால் பேரன் காலத்தில் கேஸ் வரும். என் ஆதாரத்தில் ஒன்றின் பேரிலும் இதுவரை கேஸ் வந்ததில்லை. ஆகவே முப்பத்தாறு சதுரத்துக்கும் முப்பத்தாறு கட்டளை தனித்தனியாக எழுதினேன். இந்தச் சதுரத்தைத் தொட்டால் சுவர் இந்த நிறமாகட்டும், எண் இதுவாகட்டும், வளையம் இதற்கு விழட்டும், மற்ற முப்பத்தைந்து சதுரத்திலும் வளையம் இருந்தால் கழன்று போகட்டும் என்று. அந்த முப்பத்தைந்தையும் பெயர் சொல்லி ஒவ்வொன்றாக எழுதினேன். ஒரு கட்டளைக்கு நாற்பது வரி. முப்பத்தாறு கட்டளைக்கு எத்தனை வரி என்று மேலே எழுதியிருக்கிறேன், இருந்தாலும் இன்னொருமுறை முழுதாக எழுதுகிறேன்: ஆயிரத்து நானூற்று நாற்பது. முடிந்த அன்று அச்செடுத்து, நூல் கோத்து, அலமாரியில் கந்தசஷ்டி புத்தகத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். ரெஜித் அன்றைக்குச் சிரிக்கவில்லை.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமை. நீங்கள் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள். சௌதாமினி நாலு நாளாகச் சுட்ட அச்சப்பமும் நேந்திரங்காய் உபேரியும் மேசையில் இருக்கின்றன. ரெஜித் கல்யாண வயதைக் கொஞ்சம் தாண்டிய பையன், முப்பத்து மூன்று ஆகிறது, முன்னே பார்த்த இரண்டு இடம் தட்டிப்போனது உங்களுக்கும் தெரியும். அனுமோளைப் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து அவன் கடையில் பாடிக்கொண்டே பெயின்ட் கலக்குகிறான். அந்த ஞாயிற்றுக்கிழமை எல்லாம் நல்லபடியாக முடிய வேண்டும் என்று நான் மனதுக்குள் கும்பிட்டுக்கொண்டே உங்களுக்கு உபேரி நீட்டினேன். நீங்களும் ஒன்றை எடுத்து வாயில் போட்டு, "சம்பந்தி, எங்களுக்குப் பரம சந்தோஷமாக்கும். மிதுனம் முதல் ஞாயிறு நிச்சயம் வச்சிரலாம்" என்றீர்கள். அந்த நேரத்தில்தான் கடை வாசலில் ஆட்டோ வந்து நின்றது.

வந்தது, வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க ரெஜித்திடம் ஏற்பாடு செய்திருந்த கோட்டுகால் விஜயம்மா. கையில் காலி பெயின்ட் டின். கடையில் ஆள் இல்லை என்று பார்த்ததும் நேரே கூடத்துக்குள் வந்து, அச்சப்பத்துக்கு நடுவே அந்த டின்னை வைத்தாள். புது மேசைவிரிப்பில் மஞ்சளாக ஒரு வட்டம் விழுந்தது.

"எலே ரெஜித்தே, இது என்ன நெறம்ணு நீ சொல்லு" என்றாள்.

"மாம்பழ மஞ்சள், அம்மச்சி. நீங்க ஃபோன்ல கேட்ட இருபத்தொண்ணு."

"நான் கண்டது பச்சையாக்கும்! நல்ல வாழையெலைப் பச்சை. தொட்டேன், செவரு பச்சையாச்சு, மேல இருபத்தொண்ணுன்னு வந்து. அதத்தான் ஒனக்குச் சொன்னேன். பாறசாலைல மகளுக்க வீட்டுல நாலு நாளு நின்னிட்டு இண்ணைக்கு வாறேன், எனக்க வீடு முழுக்க மஞ்சளா நிக்குது! ஆட்டோக்காரன் சொல்லுதான், அம்மச்சி, இனி உங்க வீட்டுக்கு வழியே சொல்லாண்டாம், கண்ணக் கட்டி விட்டாலும் வந்திரலாம்னு."

உங்கள் ஒன்பது பேரும் டீயைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தீர்கள். என் மகன் முகத்தைப் பார்த்தேன், வெளுத்துப்போயிருந்தது. மூன்றாவது இடமும் போச்சு என்று அதில் எழுதியிருந்தது. தப்பு எங்கே என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது, ஆனால் வாயைத் திறக்கவில்லை. இப்போது உங்களுக்கு மட்டும் சொல்கிறேன். இருபத்திரண்டாம் கட்டளையை இருபத்தொன்றைப் பார்த்துப் படி எடுத்தேன். நிறத்தை மாற்றினேன், வளையத்தை மாற்றினேன், எண்ணை மாற்ற மறந்துபோனேன். பச்சையைத் தொட்டால் சுவர் ஒழுங்காகப் பச்சையாகும், எண் மட்டும் இருபத்தொன்று என்று வரும். இருபத்தொன்று என்பது மாம்பழ மஞ்சள். முப்பத்தெட்டு வருடத்தில் ஒரு எழுத்துகூடப் பிழையாக எழுதாதவனுக்கு இந்த ஒரு எண் பிழையாகிப்போனது.

அப்போது நீங்கள் செய்த உதவிதான் எனக்கு வினையானது. "இதுக்கு ஏன் சங்கடப்படணும்? எனக்க மகளுக்கு இதுதானே ஜோலி" என்று சொல்லி, திருவனந்தபுரத்தில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கும் மகளை ஃபோனில் கூப்பிட்டீர்கள். "மோளே, ஒந்நு நோக்கு" என்று பார்க்கச் சொன்னீர்கள். அவள் முதலில் வேண்டாம் என்றாள், அது நல்ல குணம். வீடு காண வந்த இடத்தில் பெண் பேசுவது சரியில்லை என்று அவளுக்கே தெரிந்திருக்கிறது. ரெஜித்துக்குத் தெரியவில்லை. நான் எழுதியது முழுவதையும் அவளுக்கு அனுப்பிவிட்டு, ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் டின்னுக்குப் பக்கத்தில் வைத்தான்.

அவள் தட்டிப் பார்க்கும் சத்தம் ஃபோனில் கேட்டது. பிறகு, "மாமா, இது முப்பத்தாறும் நீங்க தனித்தனியா எழுதினதா?" என்று கேட்டாள்.

"ஆமா மக்கா. ஒண்ணொண்ணா, எனக்க கைகொண்டாக்கும்" என்றேன்.

தட்டும் சத்தம் நின்றது. மரியாதையில் பேச்சடைத்துப் போயிற்று என்று நினைத்தேன். அவள் அங்கே உதட்டைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினாள் என்பது எனக்குத் தோன்றவில்லை. அதைச் சௌதாமினிதான் பிறகு சொன்னாள்.

"மாமா, முப்பத்தாறும் செய்யது ஒரே காரியந்தானே? நெறமும் எண்ணும் மட்டுந்தானே மாறுது? அத அந்தந்தச் சதுரத்துக்க மேலயே எழுதி வச்சிட்டா போதுமே. எல்லாத்தையும் அடைச்சு வச்சிருக்க பெரிய பெட்டிக்கு ஒரே ஒரு கட்டளை. யாரத் தொட்டாலும், நீ எந்த நெறம், ஒனக்க எண் என்னன்னு அவங்கிட்டயே கேட்டுக்கிடும்."

"அப்போ வளையம்?" என்று நான் மடக்கினேன்.

"இப்போ வளையம் போட்டிருக்கது யாருன்னு பாத்து அவங்கிட்டேருந்து மட்டும் கழத்தினா மதி, அது போதும். வளையமே இல்லாத முப்பத்தி நாலு பேருகிட்ட கழத்து கழத்துன்னு ஏன் சொல்லணும் மாமா?"

சுதர்சனன் அவர்களே, பாகப் பத்திரம் எழுதும்போது, சொத்தில் ஒரு சென்ட்கூடப் பங்கில்லாத அக்கா தங்கையும் வந்து 'எங்களுக்கு ஒன்றும் இல்லை, கேட்கவும் மாட்டோம்' என்று கையெழுத்துப் போடுவதில்லையா? இல்லாதவனிடம் இல்லை என்று எழுதி வாங்குவதுதானே எங்கள் தொழிலே? இதைச் சொல்ல நான் வாயெடுப்பதற்குள் ரெஜித்தின் லேப்டாப்பில் அவள் அனுப்பியது வந்துவிட்டது. சதுரங்களின் மேல் நிறத்தையும் எண்ணையும் எழுதி வைத்தது போக, கட்டளை பதினொரு வரி. நான் விடவில்லை. இரண்டு சதுரத்துக்கு நடுவிலுள்ள வெறும் இடத்தைத் தொட்டால் யாரிடம் போய்க் கேட்கும் என்று கேட்டேன். 'தொட்டது சதுரம் இல்லையென்றால் பேசாமல் இரு' என்று அதற்கும் ஒரு வரி முன்னாலேயே போட்டு வைத்திருந்தாள். முப்பத்தெட்டு வருடத்தில் என்னை இப்படி ஒரு வக்கீல்கூட வாயடைக்க வைத்ததில்லை.

அதற்குப் பின் நடந்தது அவமானத்துக்கு மேல் அவமானம். விஜயம்மா டின்னைத் தள்ளிவைத்துவிட்டு லேப்டாப் முன்னால் உட்கார்ந்து, ஒன்று முதல் முப்பத்தாறு வரை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். ஒவ்வொரு நிறத்துக்கும் உங்கள் ஒன்பது பேரிடமும் அபிப்பிராயம் கேட்டாள். நீங்களும் சொன்னீர்கள். உங்களுக்காகச் சுட்ட அச்சப்பத்தில் பாதியை அவள் தின்று தீர்த்தாள். கடைசியில் இருபத்திரண்டையே தொட்டு, "இது மதி. பெண்ணு புத்தியுள்ள மிடுக்கியாக்கும், எலே, விட்டுராத" என்று ரெஜித்திடம் சொல்லிவிட்டுப் போனாள். அவள் வீட்டுக்கு மறுபடி பச்சை அடிக்க ரெஜித் திங்கட்கிழமையே ஆள் அனுப்பிவிட்டான். எல்லோரும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன், என் பல் மட்டும் சிரித்தது.

அன்றிலிருந்து என் வீட்டில் எனக்கு ஆளில்லை. சௌதாமினி, "இஞ்ச பாருங்க, ஒரு பெண்ணு தப்பச் சரியாக்கித் தந்தா நல்ல வாக்கு நாலு சொல்லணும். மொகத்தத் தூக்கி வச்சா பூனைகூட உங்க பக்கத்துல வராது" என்கிறாள். ரெஜித் பாட்டை நிறுத்திவிட்டான். நான் எதைக் கேட்டாலும் 'ம்' என்கிறான், அந்த ஒரு எழுத்து அவனுக்கு எல்லாக் கேள்விக்கும் போதுமானதாக இருக்கிறது. இந்த வீட்டில் சுருக்கும் வியாதி பரவிவிட்டது.

உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது, உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது. நாளைக்கு அந்தப் பெண் இந்த வீட்டுக்கு வந்து எனக்கு டீ தரும்போதெல்லாம், பதினொரு வரியில் முடிகிற வேலையை இரண்டரை மாதம் செய்த மனிதர் இவர்தான் என்று நினைக்க மாட்டாளா? நான் ஆதாரத்தில் எழுதியதெல்லாம்கூட இப்படித்தானா, பாதி வீண்தானா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. இந்த வயதில் வரக் கூடாத சந்தேகம்.

ஆகையால் என் தீர்மானத்தை இதன்மூலம் தெரிவித்துக்கொள்கிறேன். மிதுனம் முதல் ஞாயிறு என்று பேசிய நிச்சயத்தை ஓணம் கழிந்து பார்க்கலாம். அதற்குள் உங்கள் மகள் என்னுடைய ஆயிரத்து நானூற்று நாற்பது வரியையும், இருபத்திரண்டாம் கட்டளையிலுள்ள எண்ணை மட்டும் திருத்தி, இருந்த இடத்தில் இருந்தபடி திரும்ப வைத்துத் தர வேண்டும். அப்படி வைத்துத் தந்தால் மேற்கொண்டு பேசலாம். இல்லாவிட்டால் அவரவர் வழி அவரவருக்கு. இதில் யாருடைய வற்புறுத்தலும் இல்லை, சுய புத்தியோடு எழுதியிருக்கிறேன்.

உங்கள் வீட்டம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். அன்று வந்த மற்றவர்களுக்கும் பெயர் சொல்லி ஒவ்வொருவராகச் சொல்லவும், மொத்தமாகச் சொல்ல வேண்டாம். எல்லோருக்கும் தெய்வம் துணையிருக்கட்டும், தீர்க்காயுசும் ஆரோக்கியமும் உண்டாகட்டும்.

இப்படிக்கு,
செங்கல் சத்தியதாஸ்
(ஒப்பம்)

பின்குறிப்பு: புதன் மத்தியானம் எழுதுவது. மேலே எழுதியதை உறைக்குள் போடப்போகும்போது ஒரு காரியம் நடந்தது. கடைக்குப் புதிதாக ஒரு நிறம் வந்திருக்கிறது, முருங்கைப்பூ வெள்ளை. முப்பத்தேழாவது. ரெஜித் கடையில் இல்லை. அனுமோள் எழுதியதில் இதைச் சேர்த்தால் எல்லாம் குழம்பிப்போகும், அதையும் உங்களுக்குச் சேர்த்து எழுதலாம் என்ற எண்ணத்தோடு லேப்டாப்பைத் திறந்தேன். அவள் அனுப்பியதை அதுவரை நான் எண்ணித்தான் பார்த்தேனே தவிர வாசித்துப் பார்க்கவில்லை. வாசித்தேன். பத்து வரிதான் வேலை செய்கிற வரி. தலைப்பிலுள்ள முதல் வரியைக் கம்ப்யூட்டர் வாசிக்காதாம், மனிதர்கள் வாசிப்பதற்காக மட்டும் எழுதுவதாம். அதில் 'எழுதியவர்: சத்தியதாஸ், செங்கல்' என்று இருந்தது. ஆதாரத்தின் அடியில் எழுதியவன் பெயர் இருக்க வேண்டும் என்பது எங்கள் தொழிலில் முறை. அதை அவளுக்கு யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. நான் எழுதிய வரி முழுவதையும் தூக்கிப் போட்டவள் தன் பெயரைப் போடாமல் என் பெயரைப் போட்டிருக்கிறாள். கொஞ்ச நேரம் என்னால் எழுத்தைச் சரியாகப் பார்க்க முடியவில்லை. பிறகு முப்பத்தேழாவது சதுரத்துக்கு அதன் நிறத்தையும் எண்ணையும் அதன் மேலேயே எழுதினேன். ஒரே வரி. தொட்டேன். சுவர் வெள்ளையானது, எண் வந்தது, வளையம் விழுந்தது. என் முறைப்படி செய்திருந்தால், புதிதாக நாற்பத்தொரு வரி எழுதி, பழைய முப்பத்தாறு கட்டளையிலும் போய் ஆளுக்கு ஒரு வரி சேர்த்திருக்க வேண்டும். சத்தமாகச் சிரித்துவிட்டேன். சௌதாமினி அடுக்களையிலிருந்து ஓடி வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

ஆகவே நிச்சயம் மிதுனம் முதல் ஞாயிறே. உங்களுக்கு அசௌகரியம் இல்லையென்றால் அதற்கு முந்தின ஞாயிறு என்றாலும் எங்களுக்குச் சம்மதம். எழுதிய தாளைக் கிழிப்பது என் தொழிலில் பாவம் என்பதால் மேலே உள்ளதையும் சேர்த்தே அனுப்புகிறேன். நீங்கள் வாசித்துக்கொள்ளுங்கள், அனுமோளிடம் மட்டும் காட்ட வேண்டாம். காட்டினால் இதையும் சுருக்கிவிடுவாள், இந்தப் பின்குறிப்பு மட்டும்தான் மிஞ்சும். யோசித்துப் பார்த்தால், காட்டுங்கள்.